முன்பாரம், பின்பாரம்: காரைச் சுமந்த கதை

பழைய திறந்த கார் ஒன்றை டிரெய்லரில் ஏற்றி, பெரியகுளத்திலிருந்து எங்க அடுக்கம் ரோடு வழியா கொடைக்கானலுக்குக் கொண்டு போகலாமான்னு சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம், வத்தலக்குண்டு வழியாவே போங்கன்னு சொன்னேன். எங்க ரோடு குறுகல். கொண்டை ஊசி வளைவில் காரும் டிரெய்லருமா திரும்புவது கஷ்டம். மழை பிடித்தால் மண் சரிந்து பாதை அடைபடும்.

அந்த வத்தலக்குண்டு ரோட்டுக்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியபோது, மலைக்கு வண்டிப் பாதையே கிடையாது. 1875-இல் ரயில் வந்த பிறகும், அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வரணும். அங்கிருந்து மேலே பதினொன்று பன்னிரண்டு மைல் நடை, குதிரை, இல்லேன்னா டோலி. துரைமாரும் அவர்கள் பெட்டி படுக்கையும் ஏறிப் போனது ஆட்களின் தோளிலும் தலையிலும்தான். அந்தப் பாதைக்குக் கூலி காட் என்றே பேர்.

1863-இல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கிய மதுரை கலெக்டர் லெவிஞ்ச், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். வண்டிப் பாதை இல்லாத மலையில் ஒரு படகு ஏறியிருக்கு. எத்தனை தோள் மாறி ஏறியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

மேஜர் லா 1870-களில் வத்தலக்குண்டு பக்கமிருந்து ரோடு வேலையைத் தொடங்கினார். அது பல வருஷம் கிடப்பில் கிடந்து, 1916 வாக்கில்தான் மக்களுக்குத் திறந்தது. அப்புறம்தான் கார் தன் சக்கரத்தில் மலை ஏற முடிந்தது.

நேபாளத்தில் கதை இன்னும் கடுமை. காத்மாண்டுக்கு வெளியுலகிலிருந்து மோட்டார் ரோடு 1956-இல்தான் முழுசா வந்தது. ஆனால் ராணா பிரபுக்களின் அரண்மனைகளில் அதற்கு முன்பே கார்கள் ஓடின. எப்படி வந்ததுன்னா, பீம்பேதியிலிருந்து மலைகளைத் தாண்டி ஆட்கள் சுமந்து வந்தாங்க. சக்கரங்களைக் கழற்றி, உடலை நீளக் கழிகளில் கட்டி, பல பத்துப் பேர் தோள் கொடுத்து, ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். ஊரைச் சுற்ற வேண்டிய கார், ஊருக்குள் வருவதற்கு மனுஷன் மேல் ஏறி வந்தது.

இன்றைக்குப் பழைய காரைச் சுமப்பது டிரெய்லர். அதன் சூத்திரம் மாட்டு வண்டி ஓட்டியவனுக்கு அத்துப்படி. பாரம் பின்னால் போனால் மேக்கால் தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டின் குரல்வளையை இறுக்கும். அதுதான் பின்பாரம். ரொம்ப முன்னால் போனால் மாட்டின் கழுத்து நோகும். டிரெய்லரும் அப்படித்தான். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இணைப்புக் கொக்கி மேல் விழணும். பின்பாரமானால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும், இழுக்கிற வண்டியையே கவிழ்த்துவிடும். பழைய காரில் இன்ஜின் முன்னால் இருப்பதால், முகம் முன்னே பார்க்க ஏற்றினால் பாரம் சரியாக அமையும்.

திறந்த காருக்கு முகம் முன்னே இருக்க இன்னொரு காரணம் காற்று. அதன் துணிக் கூரை அந்தக் காலத்து வேகத்துக்குச் செய்தது. விரித்தபடி நெடுஞ்சாலையில் போனால், காற்று உள்ளே புகுந்து கூரையைக் கிழிக்கும். அதனால் மடக்கிக் கட்டணும். இருக்கை மெத்தை, தரை விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடணும். தளர்வாகத் தார்ப்பாய் போர்த்தினால், அது படபடத்துப் பெயிண்டையே தேய்த்துவிடும். பட்டையைச் சக்கரத்தின் டயர் மேல் போட்டுக் கட்டுவது நல்லது. அப்போது கார் தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும், கட்டு தளராது. மர ஆரம் உள்ள சக்கரத்தில், ஆரத்துக்குள் பட்டையை நுழைத்து இழுக்கக் கூடாது. பத்து இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லாக் கட்டையும் பார்க்கணும். வைக்கோல் பாரம் ஏற்றியவனுக்கு இது தெரியும். முதல் குலுக்கலில் கயிறு இளகும்.

2021-இல் மத்திய அரசு ஐம்பது வருஷத்துக்கு மேலான கார்களுக்கு 'விஏ' எழுத்தோடு தனி நம்பர் கொடுக்க விதி செய்தது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரில் கார் மியூசியமே இருக்கு. பழைய காரைப் பொத்திப் பாதுகாப்பதில் தப்பில்லை. அது ஒரு காலத்தின் கைவேலை.

ஆனா எங்க பக்கத்து வெள்ளகெவியைப் பத்தியும் சொல்லணும். கும்பக்கரைக்கும் வட்டக்கானலுக்கும் நடுவே, செங்குத்து மலையில் இருக்கிற ஊர். ரோடு இல்லாமலே பல தலைமுறை வாழ்ந்திருக்காங்க. பிரசவ வலி வந்தவளையும் பாம்பு கடித்தவனையும் கம்பில் டோலி கட்டித்தான் இறக்கியிருக்காங்க. அதே வெள்ளகெவி ஊராட்சியின் சின்னூர், பெரியூர் கதையும் அதுதான். வெயிலில் துரையைச் சுமந்த அதே மாதிரிக் கம்பு, நூறு வருஷம் கழித்தும் தோளை விட்டு இறங்கவில்லை.

டோலிக்கும் முன்பாரம் பின்பாரம் உண்டு. இறக்கத்தில் பாரமெல்லாம் முன்னால் பிடிக்கிறவன் தோளில் விழும். அதனால் உயரமான ஆளை முன்னால் விடுவார்கள். இந்தக் கணக்கை யாரும் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. அது தேவைப்படாத நாள் வந்தால், மறந்து போகட்டும்.