ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்கு: ஒரு பாக்கெட்டின் பயணம்

ஆண்டிபட்டி விஷன் சென்டரில் ஒரு பாட்டி, ஸ்லிட் லேம்ப்பில் தாடையை ஊன்றியபடி, "வெளிச்சம் பட்டாலே கண்ணு கூசுதுய்யா" என்று தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குரலும் முகமும் கணினிக்குள் போனதும் துண்டு துண்டாகின்றன. அவற்றில் ஒரு துண்டு, 1500 பைட்டுக்கு மிகாத ஒரு பாக்கெட், தேனிக்குப் புறப்படுகிறது. அதற்குக் கிடைத்திருக்கும் அவகாசம் சுமார் 150 மில்லிவிநாடி. இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ள ஒருவழித் தாமதம் இதற்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். தாண்டினால் பாட்டியும் டாக்டரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், மறுபடி சேர்ந்தே தொடங்குவார்கள்.

2000களின் நடுவில் இந்தப் பயணம் வான்வழியாக நடந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை ஐந்து விஷன் சென்டர்களோடு இணைக்க, பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இயங்கிய குழு நெடுந்தூர வைஃபை இணைப்புகளை அமைத்தது. 24 முதல் 42 மீட்டர் வரை உயரமுள்ள கோபுரங்கள் எழுந்தன. ஓரிடத்தில் ஜவுளி ஆலை வளாகத்துப் புகைபோக்கியே கோபுரமாயிற்று. மேலே ஏற்றியவை 266 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள சின்னஞ்சிறு கணினிப் பலகைகள். சராசரியாக ஏழு வாட் மின்சாரம் போதும் அவற்றுக்கு. அந்தச் சிக்கனம் தேவையாகவே இருந்தது, ஏனென்றால் கிராமத்து மின்சாரம் 70 வோல்ட்டுக்குக் கீழே தொய்வதையும் 350-க்கு மேலே எகிறுவதையும் அந்தக் குழுவே அளந்து பதிவு செய்திருக்கிறது.

அந்த வைஃபை இணைப்புகளில் மிக நீளமான தாவல், ஆண்டிபட்டிக்கான 15 கிலோமீட்டர். அந்தத் தொலைவைக் கடக்க ரேடியோ அலைக்கு 50 மைக்ரோவிநாடி ஆகும். "வந்து சேர்ந்தது" என்ற பதில் திரும்ப இன்னொரு 50. வீட்டுக்குள் புழங்கப் பிறந்த வைஃபைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பாக்கெட் தொலைந்துவிட்டதாக நினைத்து மறுபடி அனுப்பும். எதிர்முனை பேசத் தொடங்கியது தெரியாமல் தானும் பேசி மோதும். அதனால் குழு அந்த விதியையே மாற்றியது: இரு முனைகளும் நேரம் பிரித்து மாறி மாறிப் பேசும், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்பாமல் மொத்தமாக அனுப்பும். வைல்ட்நெட் என்ற பெயரில் இது 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

அந்தக் காலத்தில் நம் பாக்கெட்டுக்கு முன்னுரிமைச் சீட்டு தேவைப்படவில்லை. இணைப்பில் விநாடிக்கு 5 முதல் 7 மெகாபிட் வரை கிடைத்தது. நல்ல வீடியோ உரையாடலுக்குத் திசைக்கு 256 கிலோபிட்டே போதுமானதாக இருந்தது.

அதே பாக்கெட்டை, அப்லோடு ஒரு மெகாபிட் மட்டுமே கிடைக்கும் ஒரு சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் ஏற்றிப் பாருங்கள். முழு அளவுப் பாக்கெட் ஒன்று வெளியேற 12 மில்லிவிநாடி ஆகும். முன்னால் பத்து பாக்கெட் நின்றால் 120 போய்விட்டது, அவகாசத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது. அந்தப் பத்தும் எங்கிருந்து வந்தன? அதே பாட்டியின் கண்ணை எடுத்த 4 மெகாபைட் படத்திலிருந்தே வந்திருக்கலாம். படம் முழுதாகப் போக 32 விநாடி ஆகும். அது 40 ஆனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. குரல் அரை விநாடி பிந்தினால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

எது காத்திருக்கலாம், எது கூடாது என்ற இந்தக் கணக்கு கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். முல்லைப்பெரியாறு நீரை முதல் போகத்துக்குத் திறக்கும்போது விநாடிக்கு 300 கன அடி விடுவது வழக்கம்: 200 பாசனத்துக்கு, 100 குடிநீருக்கு. 14,707 ஏக்கர் காத்திருந்தாலும் அந்த நூறில் கை வைப்பதில்லை. பங்கு தேக்கடியிலேயே, திறக்கும்போதே முடிவாகிறது.

சென்டரின் கணினிகளை இணைக்கும் மேனேஜ்டு சுவிட்சில் செய்வதும் அதுதான். முதல் வேலை, அடையாளம். வீடியோ கணினி செருகியிருக்கும் போர்ட்டில் நுழையும்போதே பாக்கெட்டின் தலைப்பில், அதன் முன்னுரிமையைச் சொல்லும் டிஎஸ்சிபி எண் பொறிக்கப்படுகிறது. ஆறு பிட், 64 மதிப்புகள். குரலுக்கு 46, வீடியோவுக்கு 34 என்பது பரவலான வழக்கம். எந்தப் போர்ட்டின் எண்ணை நம்புவது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம்பச் சொல்லாத போர்ட்டில் வந்த எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும் சுவிட்சுகள் உண்டு. எல்லாப் போர்ட்டையும் நம்பினாலோ, வரவேற்பறைக் கணினியின் சினிமா டவுன்லோடுகூட 46 ஒட்டிக்கொண்டு வரும்.

அடுத்து வரிசை. குரலுக்கு எப்போதும் முதலிடம், ஆனால் ஓர் உச்சவரம்போடு. வரம்பு இல்லாவிட்டால் மற்றவை பட்டினி கிடக்கும். வீடியோ, படம், பேக்கப் ஆகியவற்றுக்கு எடை வைத்துப் பங்கு.

இவ்வளவும் செய்த பிறகும் குரல் உடைந்தால், குற்றவாளி பெரும்பாலும் மோடம்தான். சுவிட்சின் போர்ட் ஒரு கிகாபிட், வெளியே போகும் வழி ஒரு மெகாபிட். சுவிட்சில் கூட்டமே சேராது, எல்லாம் மோடத்தின் வாசலில் முட்டும். மோடத்துக்கு நம் எண்கள் புரியாது. எனவே வெளியேறும் வேகத்தை நாமே 900 கிலோபிட்டுக்கு இறுக்க வேண்டும், அவ்வளவு குறைவாக இறுக்க சுவிட்சால் முடியாவிட்டால் ரவுட்டரில். கொஞ்சம் வேகம் வீணாகும், ஆனால் கூட்டம் நம் வரிசை செல்லுபடியாகும் இடத்தில் நிற்கும். பலர் தவறவிடும் படி இதுதான். முன்னுரிமை அகலத்தைக் கூட்டுவதில்லை, காத்திருப்பது யார் என்று மட்டும் சொல்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர், எந்தப் பாக்கெட்டில் நோயாளியின் பேச்சு இருக்கிறது என்று அறிந்த அந்தக் கட்டடத்து ஆள். வெளி இணையத்தில் அந்த எண்ணை மதிக்க எவருக்கும் கடமையில்லை.

சரிபார்க்க, நோயாளிகள் வராத நேரத்தில் பேக்கப்பை வேண்டுமென்றே ஓடவிட்டு, தேனிக்கு ஓர் அழைப்பைத் திறக்க வேண்டும். இறுக்கிய போர்ட்டின் கவுண்ட்டரில் பேக்கப் வரிசையின் டிராப் எண் ஏறும். குரல் வரிசையின் எண் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். அதுவும் ஏறினால், உச்சவரம்பைக் குறைவாக வைத்திருக்கிறோம்.