மறுகதிர்ச் சிகிச்சையின் பூர்வ கதை

தென்பெண்ணைக் கரையிலுள்ள காவேரிப்பட்டினத்தை 1767-இல் ஹைதர் அலியின் சேனை கைப்பற்றியதைச் சரித்திர ஆசிரியர்கள் சிரத்தையோடு குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சீமையின் திண்ணைகளில் வெற்றிலையோடு புகையிலையைக் கதுப்பில் அடக்கிப் பேசிக்கொண்டிருந்தவர்களின் வாய்ப்புண்ணோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏறியது வெகு காலத்திற்குப் பின்பு, சென்னை அடையாற்றில்.

தம் தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால், 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அந்த ஆஸ்பத்திரி, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் முதல் கோபால்ட் கதிர்ச் சிகிச்சை யந்திரத்தைப் பெற்றது. அவருடைய புதல்வர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த சாந்தாவும் அங்கே கண்ட கன்னப் புற்றுகளில் பல, தாடையெலும்புவரை பரவிக் கத்திக்கு அடங்காதவை. கதிரை மட்டும் வைத்தாலோ, அடங்கினதுபோல் காட்டி மறுபடி தலைதூக்குபவை. ஆகவே கதிரோடு மருந்தையும் சேர்க்கத் துணிந்தார்கள். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஜப்பானிய விஞ்ஞானி உமேசாவா பிரித்தெடுத்த பிளியோமைசினைக் கதிரோடு கொடுத்துப் பார்த்து, அதன் பலனை 1977-லும் 1980-லும் வெளியிட்டார்கள். மேல்நாட்டார் இந்த இணைப்பைப் பொதுவழக்காக ஏற்பதற்கு வெகு முன்பே நடந்த காரியம் இது. அதற்குரிய கீர்த்தி அடையாற்றுக்குக் கிட்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

முதல் சிகிச்சைக்குப் பின்னும் நோய் அதே இடத்தில் திரும்பினால் என்ன செய்வது? அறுபது, எழுபது கிரே அளவு கதிர் வாங்கிய தசை அதை எளிதில் மறப்பதில்லை; மீண்டும் கதிர் வைத்தால் தாடையெலும்பு செத்துப்போகலாம், கழுத்து நாடி வெடிக்கலாம், தண்டுவடம் கெட்டுக் கைகால் விழலாம். அந்தப் பயத்தால், அறுவைக்கு இடமில்லாதவர்களுக்கு வேதனை தணிக்கும் மருந்தே நெடுநாள் கதியாயிருந்தது. சிக்காகோ மருத்துவர்கள் ஹைட்ராக்சியூரியா, புளோரோயுரசில் என்ற மருந்துகளைக் கதிரோடு சேர்த்து, ஒரு வாரம் சிகிச்சை, மறுவாரம் ஓய்வு என்று வகுத்த முறையை, அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பல கூடி, இத்தகையோருக்கு மறுகதிராகக் கொடுத்துச் சோதித்தன. ஒரு வேளைக்கு ஒன்றரை கிரேயாக நாளுக்கு இருவேளை, மொத்தம் அறுபது கிரே. இரண்டாண்டு பிழைத்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். சிஸ்பிளாட்டினும் பாக்ளிடாக்சலும் சேர்த்த அடுத்த சோதனையில் அது கால் பங்காயிற்று. சிகிச்சையாலேயே மாண்டவர்களும் உண்டு. மீண்ட கட்டியை அறுத்தெடுத்தபின் இதையே செய்த பிரெஞ்சுக்காரர்கள், நோய் திரும்புவது குறைகிறது, ஆயுள் கூடவில்லை என்று 2008-இல் அறிவித்தார்கள். பிழைத்த அந்தச் சிலருக்காக இதை முற்றும் கைவிடவும் மனம் வராது. யாருக்கு ஆகும் என்று பொறுக்கி எடுப்பதில்தான் வைத்தியரின் சாமர்த்தியம் இருக்கிறது.

பெங்களூரில் 1973-இல் கித்வாய் புற்றுநோய் ஸ்தாபனம் தோன்றியபின், ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் இருக்கும் காவேரிப்பட்டினத்தார்க்குச் சென்னையைவிட அதுவே கிட்டம். சென்னையில் ஒருமுறை கதிர்ச் சிகிச்சை, அதாவது ‘கரண்ட்’ வைத்துக்கொண்டவர், நோய் திரும்பி அங்கே போவதானால், பழைய சிகிச்சைக் குறிப்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும்; எந்த இடத்தில் எத்தனை கிரே விழுந்தது என்று தெரியாமல், தண்டுவடம் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட அங்குள்ளவர்களுக்கு வழியில்லை.