லாரியின் பின் அச்சும் ஒரு பிரெஞ்சுக்காரரும்

லாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், சக்கரங்களுக்கு நடுவே வீணைக் குடம் போல உருண்டையாக ஒன்று தெரியும். அதற்குள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைவாக. அதற்கேற்ப இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது இந்தப் பல்சக்கரங்களின் வேலை.

1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதற்கு உரிமம் பெற்றவர் பாரிஸில் இருந்த ஒனேசிஃபோர் பெக்கேர். கடிகார வேலை தெரிந்தவர். டீசல் எஞ்சின் வரவே இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. பிரெஞ்சிலேயே படித்த எனக்கு இந்தப் பெயர் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிய வந்தது.

நம் பக்கத்து நெல் மூட்டைகள் மாட்டு வண்டியிலிருந்து மெல்ல லாரிக்கு மாறின. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டாடாவும் பென்ஸும் கை கோத்தன. டாடா லாரியை 'பென்ஸ்' என்றே சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாரம் ஏறினால் கிரவுனும் பினியனும் உரசிச் சூடாகும். எஞ்சினுக்கு ரேடியேட்டர் உண்டு, இதற்குக் கிடையாது. கிரவுன் வாரி இறைக்கும் கியர் ஆயில்தான் சூட்டை வாங்கி ஹவுசிங்குக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து காற்று எடுத்துப் போகிறது. அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் பின் மூடியைக் கழற்றிவிட்டு, வரிவரியாகத் தகடுகள் கொண்ட அலுமினிய மூடி மாட்டுகிறார்கள். சூடு விரைவில் இறங்கும். ஆயிலும் கூடுதலாகப் பிடிக்கும். நம் லாரிகள் பெரும்பாலானவற்றில் பின்பக்கம் பற்றவைத்தது. பல்சக்கரங்களை முன்பக்கமாகத்தான் இறக்க முடியும். ஆகவே இங்கே வைத்தியம் வேறு: ஆயில் அளவைப் பார்ப்பது, ஹவுசிங்கில் அப்பிய வயல் சேற்றைச் சுரண்டுவது, மேலே உள்ள மூச்சுத் துளை அடைக்காமல் காப்பது.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியபோது, நிவாரண அரிசி லாரியில் இளம் எழுத்தராக நானும் போனேன். சாலையை வெள்ளம் மூடியிருந்த ஓரிடத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பின் அச்சைத் தொட்டுப் பார்த்தார். "கொதிக்குது சார், ஆறட்டும்" என்று சொல்லி பீடி பற்றவைத்தார். அரை மணி நேரம் போயிற்று. அங்கே ஜனங்கள் பசியோடு காத்திருக்க, இவர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம். 'ஓட்டுநரின் அலட்சியத்தால் தாமதம்' என்று அறிக்கையில் எழுதிவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு மெக்கானிக் விளக்கினார். கொதிக்கும் அச்சு தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். மூச்சுத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். ஆயில் மோர் போல வெளுத்து, பேரிங் தேயும். அந்த அரை மணி நேரம் அரிசியைக் காப்பாற்றிய நேரம்.

அறிக்கையில் அந்த வரி இருந்தது. அதனால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று நான் கேட்கவே இல்லை.