ரொலான் கரோஸில் ஒரு யாவுண்டே பையன்

ரொலான் கரோஸ் என்றதும் யாரோ பழைய டென்னிஸ் வீரர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் விமானி. ரெயுனியோன் தீவில் பிறந்து முதல் உலகப் போரில் இறந்தவர். நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழும் தீவு அது. 1928-இல் பாரிஸில் கட்டிய மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தச் செம்மண் தளத்தில், 1946-இல் மர்செல் பெர்னார் வென்றதற்குப் பிறகு, 37 ஆண்டுகள் ஒரு பிரெஞ்சுக்காரரும் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வாங்கவில்லை. 1983-இல் வாங்கியவர் யானிக் நோவா.

தகப்பனார் ஸக்கரி நோவா கேமரூன்காரர், கால்பந்து வீரர். 1961-இல் பிரெஞ்சுக் கோப்பையை வென்ற செதான் அணியில் ஆடியவர். தாயார் பிரெஞ்சுப் பெண்மணி, ஆசிரியை. யானிக் 1960-இல் செதானில் பிறந்தார். தகப்பனார் காயம்பட்டு ஆட்டத்தை விட்டதும், மூன்று வயதுப் பிள்ளையோடு குடும்பம் கேமரூனின் தலைநகர் யாவுண்டேக்குத் திரும்பியது.

1971-இல் ஆர்தர் ஆஷ் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தார். அமெரிக்கக் கறுப்பினத்தவர், தென்னாப்பிரிக்கா அவருக்கு விசா மறுத்திருந்த காலம். யாவுண்டேயில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் அவருடன் சில பந்துகள் ஆடினான். ஆஷ் அவனுக்குத் தன் மட்டையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனத்தில் இருந்த ஃபிலிப் ஷாத்ரியேயிடம் சொன்னார். பையன் நீஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். நாற்பது ஆண்டு குமாஸ்தா வேலை பார்த்த எனக்கு இதுதான் அதிசயம். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு சிபாரிசு வந்திருந்தால், மூன்று மேசை தாண்டுவதற்குள் பையனுக்கு மீசை முளைத்திருக்கும்! பெற்றோரைப் பிரிந்து, பதினொரு வயதில், வேறு கண்டத்தில். அந்தப் பிரிவை நாம் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். 1978 விம்பிள்டனில் ஆஷும் நோவாவும் இரட்டையர் ஆட்டத்தில் ஒரே பக்கம் நின்றார்கள்.

1983-க்கு வருவோம். செம்மண்ணில் பந்து மெதுவாக வந்து உயரமாக எழும்பும். பின்னால் நின்று பொறுமையாகத் திருப்பி அடிப்பவனுக்கே அந்தத் தளம் சாதகம். நோவா அதற்கு நேர்மாறாக, சர்வீஸ் போட்டதும் வலையை நோக்கி ஓடினார். கால் இறுதியில் இவான் லெண்டிலிடம் மட்டும் ஒரு செட் இழந்தார். ஜூன் 5-ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரே முந்தைய ஆண்டு சாம்பியன் மாட்ஸ் விலாண்டர். 6-2, 7-5, 7-6. கடைசிப் பந்து முடிந்ததும் தகப்பனார் பார்வையாளர் பகுதியிலிருந்து தளத்தில் குதித்து ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டார். கையில் இருந்தது மர மட்டை.

அந்தப் புகழ் அவருக்கு நல்லதாக அமையவில்லை. பாரிஸில் நிம்மதியாக நடக்க முடியாமல் நியூயார்க்குக்குக் குடிபோனார். 1986-இல் உலகத் தரவரிசையில் 3-ஆம் இடம் வரை ஏறினார். மொத்தம் 23 ஒற்றையர் பட்டங்கள். ஆனால் பெரிய பட்டம் அந்த ஒன்றுதான். இதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய பெரிய வேலை ஆட்டத்தை விட்ட பிறகு நடந்தது என்பேன்.

1991-இல் டேவிஸ் கோப்பை அணிக்கு, ஆடாத தலைவரானார். பிரான்ஸ் அந்தக் கோப்பையைக் கடைசியாக வைத்திருந்தது 1932-இல். லியோனில் இறுதிச் சுற்று, எதிரணி அமெரிக்கா. நோவா யாரை இறக்கினார்? ஆன்றி லெகோந்த். அந்த ஆண்டில்தான் முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தரவரிசையில் 150-க்கும் கீழே இருந்தார். முதல் நாள் கீ ஃபொர்ஷே அகாசியிடம் தோற்றார். ஆனால் லெகோந்த் சாம்ப்ராஸை மூன்றே செட்டில் வென்றார். அடுத்த நாள் இரட்டையர் ஆட்டத்தை இருவரும் சேர்ந்து ஜெயித்தார்கள். டிசம்பர் 1 அன்று ஃபொர்ஷேயும் சாம்ப்ராஸை வீழ்த்த, 59 ஆண்டுக்குப் பிறகு கோப்பை வந்தது. நோவா தன் பாட்டைப் பாடி அணியையே வரிசையாக ஆடவிட்டார். ஆம், பாட்டுதான். பிறகு அதையே தொழிலாக்கி, டென்னிஸ் தெரியாத பிள்ளைகளுக்கும் பாடகராக அறிமுகமானார்.

1996-இல் ஸ்வீடனை அவர்கள் நாட்டிலேயே, மால்மோவில், 3-2 என்று வென்றார்கள். மறு ஆண்டு பெண்கள் அணிக்கும் இவர் தலைமையில் கோப்பை. ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்க 1996-இலேயே ஒரு சங்கமும் தொடங்கினார். ஆஷ் 1993-இல் காலமாகிவிட்டிருந்தார்.

2000-இல் பெண்களில் மேரி பியர்ஸ் ரொலான் கரோஸில் வென்றார். ஆண்களில், நோவாவுக்குப் பிறகு இன்னும் ஒருவரும் இல்லை.

2017 ஜனவரியில் ஸக்கரி நோவா யாவுண்டேயில் இறந்தார. அதே ஆண்டு நவம்பரில், 57 வயதில், லில் நகரில் மகன் மூன்றாம் முறையாக டேவிஸ் கோப்பையைத் தூக்கினார். அந்தத் தடவை தளத்தில் குதித்து ஓடிவரத் தகப்பனார் இல்லை.