அளவு பார்த்துப் பூட்டிய சைக்கிள்



மண்வெட்டிக்குக் காம்பு போடுகிறபோது நாம் என்ன செய்கிறோம்? கடையில் சாத்தி வைத்திருக்கிற காம்பை அப்படியே மாட்டிக்கொண்டு வந்துவிடுவதில்லை. வெட்டுகிற ஆள் நெட்டையா குட்டையா, மண் களியா செம்மண்ணா என்று பார்த்துத்தான் நீளம் வைக்கிறோம். அந்தக் காலத்தில் கலப்பை செய்கிற ஆசாரியும் உழுகிறவருடைய உயரத்தைப் பார்த்துத்தான் மேழியைச் செதுக்குவார். நுகத்தடிக்கும் மாட்டைப் பார்க்கவேண்டும். இந்தப் பழக்கம் நம்மிடம் ஊறிப் போயிருந்ததனால், சீமையிலிருந்து வந்த சைக்கிளையும் நம் ஆட்கள் வந்தது வந்தபடி ஏற்றுக்கொள்ளவில்லை. ஆளுக்கு அளவு பார்த்து, வேலையைச் சொல்லி, பூட்டச் சொல்லித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

நான் பேசுவது ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்து. காபியும் மிளகும் விளைகிற மேட்டுப் பூமி. இங்கே சைக்கிள் வைத்திருப்பவன் பாதி தூரம் அதைத் தள்ளவேண்டும். மீதி தூரம் அது அவனைத் தள்ளும். ஆகையால் எந்த ஊருக்கு எந்தச் சைக்கிள் என்கிற கேள்வி எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

சைக்கிளின் பிறப்பே விவசாயத்தோடு சம்பந்தப்பட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் வானத்தை மறைத்ததனால் 1816இல் ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை. பயிர் விளையவில்லை. தானிய விலை ஏறிக் குதிரைக்குத் தீனி போட முடியாமல் போயிற்று. மறு வருஷம், 1817இல், ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் குதிரை இல்லாமல் ஓடுகிற இரண்டு சக்கர மரவண்டி ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். பெடல் கிடையாது. உட்கார்ந்துகொண்டு காலால் தரையை உந்தவேண்டியதுதான். தீனிப் பஞ்சத்தால்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பது ஒரு கருத்து. முழுக்க நிரூபணம் ஆகவில்லை என்றாலும், மாடு வளர்க்கிற நமக்கு நம்பக் கஷ்டமாக இல்லை.

பிறகு முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு, பின் சக்கரம் தட்டு மாதிரி என்று ஒரு வண்டி வந்தது. படத்தில் பார்த்திருப்பீர்கள். அதிலே பெடல் நேராக முன் சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. கால் எட்டவேண்டுமே! அதனால் வாங்குகிறவருடைய காலின் நீளத்தைப் பார்த்து அதற்குத் தக்க சக்கரம் கொடுத்தார்கள். சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி அளவெடுத்து விற்ற வண்டி அது. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் செயின் வைத்துப் பின் சக்கரத்தை ஓட்டுகிற ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் என்கிற கால்நடை வைத்தியர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஆமாம், மாட்டு டாக்டர்தான். இன்றைக்கு நாம் ஓட்டுகிற சைக்கிள் அந்த இரண்டும் சேர்ந்ததுதான். சீட்டை ஏற்றி இறக்கினால் பல பேருக்கு ஒரே வண்டி பொருந்தும் என்று ஆனதும், தொழிற்சாலைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு முதலில் எல்லாம் கப்பலில் வந்த சரக்குதான். ராலே, ஹம்பர், ஹெர்குலஸ், பிலிப்ஸ், துப்பாக்கி செய்த கம்பெனியான பி.எஸ்.ஏ. சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்களே செய்யத் தொடங்கினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். 1951இல் சோனிப்பட்டில் அட்லஸ், 1952இல் வங்காளத்தில் சென்-ராலே, 1956இல் லூதியானாவில் ஹீரோ என்று வரிசையாக வந்தன.

சரி, கம்பெனி எதுவாக இருந்தாலும் கிராமத்து ஆள் வாங்கியது ஒரே தினுசுதான். 28 அங்குலச் சக்கரம், முன்னால் 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40. பாரமெல்லாம் பின்னால் இறங்குவதால் பின் சக்கரத்துக்கு எட்டுக் கம்பி கூடுதல். பிரேமில் மட்டும் 22, 24 என்று அளவு உண்டு. ஆனால் அது கடைக்கு முழு வண்டியாக வராது. பிரேம் தனி, போர்க் தனி, ரிம் தனி, கம்பிக் கட்டு தனி என்று வரும். இங்கேதான் நம் கடைக்காரருடைய கைவரிசை.

"ஏனுங்க, என்ன பாரம் ஏத்துவீங்க? பால் கேனா, வாழைத்தாரா, நெல் மூட்டையா?" இதுதான் முதல் கேள்வி. பால்காரர் என்றால் பின்னால் இரண்டு பக்கமும் கேன் தொங்கக் கொக்கி. மூட்டை ஏற்றுகிறவர் என்றால் கம்பெனி கேரியரைத் தூரப் போட்டுவிட்டுப் பட்டை இரும்பில் அகலமான கேரியர். முன் போர்க் வளையாமல் இருக்க அச்சிலிருந்து ஹேண்டில் பார் வரைக்கும் இரண்டு பக்கமும் தாங்கு கம்பி. ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு டைனமோ விளக்கு. அப்புறம் ஆளை ஏறி உட்காரச் சொல்வார். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நிற்கவேண்டும். அப்போது பாதத்தின் முன்பக்கத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கி இருக்கும். அதுதான் அளவு. சக்கரத்தைக் கோட்டம் எடுப்பது ஒரு தனி வித்தை. சுற்றுகிற ரிம்முக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியைப் பிடிப்பார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே கோட்டம். அந்த இடத்துக் கம்பியைச் சின்னச் சாவியால் ஒரு பக்கம் இறுக்கி ஒரு பக்கம் தளர்த்துவார். வாங்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். அவசரப்படுத்த மாட்டார்.

விவரம் தெரிந்தவர்கள் பல் சக்கரத்தையும் பார்ப்பார்கள். கணக்கு ஒன்றும் பெரிசில்லை. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 88 அங்குலம் போகும். முன்னால் 48 பல், பின்னால் 18 பல் என்றால் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ 19½ அடி ஓடும். பின்னால் 22 பல் போட்டால் 16 அடிதான் ஓடும். வேகம் குறைந்தது, ஆனால் மிதிப்பது அந்த அளவுக்கு இலேசாயிற்று. மூட்டை ஏற்றுகிறவனுக்கும் மேட்டில் ஏறுகிறவனுக்கும் பெரிய பல் சக்கரம்தான் கூட்டாளி. சீமையிலே 1902 வாக்கிலேயே மூன்று வேகம் மாற்றுகிற அச்சைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் கிராமத்துச் சைக்கிளுக்கு அது வந்து சேரவில்லை. விலையும் கூட, ரிப்பேரும் கஷ்டம்.

இப்படிப் பூட்டின வண்டி வீட்டுக்கு வருகிற நாள் இருக்கிறதே, அது ஒரு திருவிழா. மஞ்சள் விற்ற பணமோ கடலைக்காய் போட்ட பணமோ, ஒரு வெள்ளாமைக் காசு அதிலே இருக்கும். ஹேண்டில் பாருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பாரில் சுற்றி வந்த காகிதத்தைக் கிழிக்க மனசு வராது. மாசக்கணக்கில் அப்படியே இருக்கும். அச்சைத் துடைத்துக்கொண்டே சுற்றுகிற கலர்ப் பூ வளையம், குஞ்சம் வைத்த சீட் உறை, இதெல்லாம் அவரவர் ஆசைக்கு. உள்ளாட்சி மன்றத்துக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டின காலமும் இருந்தது. பிள்ளைகளுக்குக் கால் எட்டாது. அவர்கள் பாருக்குக் கீழே காலை விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து குரங்குப் பெடல் அடித்தே பழகினார்கள். அப்பாவுக்கு வண்டியைப் பொருத்தினார்கள்; பிள்ளை தன்னை வண்டிக்குப் பொருத்திக்கொண்டான்.

ஆனால் ஒன்று பாருங்கள். மாப்பிள்ளைக்கு வாட்ச், ரேடியோ, சைக்கிள் என்று பெண் வீட்டார் கொடுத்த காலத்தில், அந்தப் பெண்ணுக்கு அதிலே இடம் பின் கேரியரில்தான். பால் கேனுக்கு அளவு பார்த்தோம், மூட்டைக்கு அளவு பார்த்தோம், வீட்டுப் பெண்ணுக்கு அளவு பார்க்கவில்லை. என்னைக் கேட்டால், நம் சைக்கிள் சரித்திரத்தில் இதுதான் பெரிய ஓட்டை.

அதை அடைத்தவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1991இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வேலையைத் தொடங்கியது. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பாடம் சொல்லிக் கொடுக்கிற பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போகவேண்டும். பஸ்ஸை நம்பினால் நடக்கிற காரியமா? அதனால் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் சொல்லிக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. பெண்கள் வாங்குவதற்கு வங்கிக் கடனுக்கும் வழி செய்தார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லோரும் பழகினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பேசிப் பேசி ஓய்ந்து போனார்கள். 1992 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதிய கணக்குப்படி, சில வருஷங்களில் ஒரு லட்சம் பேருக்குக் குறையாமல் பழகிவிட்டார்கள்.

இதிலே எனக்குப் பிடித்த விஷயம் வேறு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. சரி, கிடைத்ததை ஓட்டுவோம் என்று ஆண்கள் சைக்கிளை எடுத்தவர்கள், பிறகு அதுவே தேவலை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஏனென்றால் அதிலே சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் பார் இருக்கிறது. குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொள்ளலாம். பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் குழந்தை. பெண்களுக்கு என்று கம்பெனி நினைத்துச் செய்தது ஒன்று. பெண்கள் தங்கள் வேலைக்குப் பார்த்து எடுத்துக்கொண்டது வேறொன்று. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சம். காய்கறி, கீரை விற்கிறவர்கள் ஒரே நாளில் கூடுதலாக இரண்டு ஊர் போய்வர முடிந்தது. வீட்டுக்காரரோ அண்ணனோ கொண்டுவிட வேண்டும் என்ற நிலைமை மாறியது.

பத்து வருஷம் கழித்து, 2001-02இல், 11, 12ஆம் வகுப்பு படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தமிழ்நாடு அரசு இலவசச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. அப்புறம் அது விரிந்து, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று ஆயிற்று. 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணமாகவே கொடுத்தது. அங்கே ஆராய்ந்து பார்த்ததில், உயர்நிலைப் பள்ளியில் சேருகிற பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. அதுவும் 3 கிலோமீட்டருக்கு மேல் பள்ளிக்கூடம் தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பணம் கையில் வந்தால் கடைக்குப் போய் அளவு பார்த்து வாங்கலாம். சைக்கிளாகவே வந்தால் ஏமாற்று இல்லாமல் எல்லோருக்கும் சேரும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

நம்முடைய பிள்ளைகளுக்கு வருவது பையன்களுக்கு ஒரு மாடல், பெண்களுக்கு ஒரு மாடல். சேலத்துச் சமவெளிக்கும் அதுதான், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற எங்கள் மலைக்கும் அதுதான். ஐரோப்பாவில் அந்தக் காலத்துச் சைக்கிள்காரர்கள் மலைச் சரிவில் இறங்கும்போது வேகத்தை அடக்குவதற்காக மரக்கிளையைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே இறங்குவார்களாம். நாம் அப்படியெல்லாம் செய்யவேண்டியதில்லை. ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பூவும் பொட்டும் வைத்த கையோடு ஒரு ஸ்பேனரையும் எடுங்கள். சீட் நட்டைத் தளர்த்தி, மேலே சொன்ன குதிகால் அளவுக்கு உங்கள் மகளுடைய உயரம் பார்த்து வையுங்கள். சீட் தண்டை ரொம்ப வெளியே இழுக்கவேண்டாம். இரண்டரை அங்குலமாவது பிரேமுக்குள் இருக்கவேண்டும். பிரேக் கட்டை நான்கும் ரிம்மில் சமமாகப் படுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். கட்டை தேய்ந்திருந்தால் ஜதையாகவே மாற்றுங்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடிக்கக்கூடாது. இரண்டையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்கவேண்டும். இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. மழையிலும் பனி மூட்டத்திலும் வளைவுக்கு முன்னாலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.