வரிப்பணமும் வாயிற்கதவும்

அரசு எழுப்பும் மாளிகைக்கு அடிக்கல் நாட்டியவர் பெயரைக் கல்லில் பொறிக்கிறார்கள். பணம் தந்தவர் பெயரை எவரும் பொறிப்பதில்லை. பொறிக்கவும் இயலாது, பணம் தந்தோர் நாட்டு மக்கள் அனைவருமே! கோடி டாலர் ஈட்டியவன் வருமான வரி கட்டினான். அவன் வீட்டுத் தரையைத் துடைத்தவள் தான் வாங்கிய துணிக்கும் பண்டத்துக்கும் வரி கட்டினாள். இருவர் பணமும் ஒரே கருவூலத்தில்தான் கலந்தது.

எல்லோர் பணத்திலும் எழும் அந்த மாளிகையில் வேலை எல்லோருக்கும் உண்டா? அதனினும் மேலாக, அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எல்லோருக்கும் உண்டா?

"எவன் குறைந்த விலை கேட்கிறானோ அவனுக்கே ஒப்பந்தம். அவன் யாரை வைத்து வேலை வாங்குகிறான் என்பது அவன் பாடு" என்பதுதான் அரசுகள் நெடுங்காலம் ஓதி வந்த மந்திரம். கேட்பதற்கு நடுநிலை போலத் தோன்றும். ஆனால் வாயிற்கதவைச் சிலருக்கு மட்டுமே திறக்கும் நாட்டில், வாயைத் திறவாதிருக்கும் அரசு நடுநிலையானதா? கதவைப் பூட்டியவனுக்குக் கூலி கொடுத்த அரசு அன்றோ அது! அந்த மந்திரத்தை அமெரிக்கக் கறுப்பின மக்கள் உடைத்த வரலாற்றையும், உடைந்த மந்திரம் மீண்டும் ஓதப்படும் விந்தையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1941ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. அமெரிக்கப் படை இன்னும் களம் புகவில்லை. அமெரிக்க ஆலைகள் புகுந்துவிட்டன. விமானம், கப்பல், பீரங்கி என அரசின் ஒப்பந்தங்கள் மழையாகப் பொழிந்தன. பத்தாண்டுக் காலப் பொருளாதார மந்தத்தில் வாடிய வெள்ளைத் தொழிலாளி ஆலைக்குள் நுழைந்தான். கறுப்பினத் தொழிலாளியோ வாயிலில் நிறுத்தப்பட்டான். துப்புரவு வேலைக்கு மட்டுமே கறுப்பினத்தாரை ஏற்போம் என்று வெளிப்படையாகச் சொன்ன விமான ஆலைகளும் இருந்தன. இட்லரின் இனவெறியை எதிர்க்க ஆயுதம் செய்யும் ஆலைக்குள்ளேயே இனவெறி!

இக்கொடுமையை எதிர்த்து எழுந்தவர் ஏ. பிலிப் ராண்டால்ப். இரயிலின் தூங்கும் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினப் போர்ட்டர்களுக்கு 1925இல் சங்கம் கண்ட தலைவர். 1940 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டை நேரில் கண்டு முறையிட்டார், பயன் விளையவில்லை. முறையீட்டுக்குச் செவி சாயாதவர் அணிவகுப்புக்குச் சாய்வார் என்று கண்டார். 1941 சூலை முதல் நாள் தலைநகர் வாசிங்டன் நோக்கிக் கறுப்பின மக்கள் அணிவகுப்பர் என அறிவித்தார். முதலில் பதினாயிரம் பேர் என்றார். பின்னர் நூறாயிரம் பேர் என்றார். அணிவகுப்பைக் கைவிடுமாறு தூது மேல் தூது வந்தது. ராண்டால்ப் அசையவில்லை. சூன் 25ஆம் நாள் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். 8802 என்னும் எண் கொண்ட ஆணை பிறந்தது. அணிவகுப்பு நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்த ஆணை கூறியது என்ன? பாதுகாப்பு உற்பத்திக்கான ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும், இனம், மதம், நிறம், பிறந்த நாடு காரணமாக எத்தொழிலாளியையும் ஒதுக்கமாட்டேன் என்று ஒப்பந்தக்காரர் கட்டுப்படும் விதி இடம்பெறல் வேண்டும் என்றது. அதனோடு நிற்கவில்லை. பாதுகாப்பு உற்பத்திக்கான தொழிற்பயிற்சித் திட்டங்களும் பாகுபாடின்றி நடத்தப்பட வேண்டும் என்றது. வேலையும் வித்தையும் ஒரே ஆணையில் இணைந்தன. அதைக் கண்காணிக்க ஒரு குழுவும் அமைந்தது. போர்த்தொழிலில் 1942இன் தொடக்கத்தில் நூற்றுக்கு 3 பேர் அளவில் இருந்த கறுப்பினத்தார், போர் முடியும் தறுவாயில் நூற்றுக்கு 8 பேர் அளவுக்கு உயர்ந்தனர். ஆள் பற்றாக்குறையும் இதற்குத் துணை நின்றது, உண்மை. ஆனால் பற்றாக்குறை தட்டிய கதவை உள்ளிருந்து திறக்க வைத்ததில் விதிக்கும் பங்குண்டு.

வேலையினும் வித்தையே ஆதிக்கக்காரரைக் கலக்கும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். பிலடெல்பியா என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் உடன்பிறந்தார் அன்பு என்று பொருள். போர்த்தொழில் மிகுந்த அந்நகரின் டிராம் கம்பெனியில் கறுப்பினத்தார் முன்பே வேலை பார்த்து வந்தனர். பழுது பார்க்கவும் பாதை செப்பனிடவும். அப்போது எவருக்கும் சினம் எழவில்லை. கண்காணிப்புக் குழுவின் ஆணைப்படி, 1944 ஆகஸ்டில், எட்டே எட்டுக் கறுப்பினத்தார் வண்டி ஓட்டப் பயிற்சி பெறத் தொடங்கினர். மறுகணமே வெள்ளைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நகரம் முடங்கிற்று. போர்த்தளவாட உற்பத்தி தடைப்பட்டது. அரசு 5,000 படைவீரரை அனுப்பியது. வேலைக்குத் திரும்பாதவர் படைக்கு அழைக்கப்படுவர் என எச்சரித்தது. ஆறே நாளில் வேலைநிறுத்தம் அடங்கியது; பயிற்சியும் தொடர்ந்தது.

எட்டுப் பேர் பயில்வதைத் தடுக்க ஒரு பெருநகரையே நிறுத்தத் துணிந்தனர் என்றால், பயிற்சியின் பெருமையை அவர்கள் அல்லவா நன்கு உணர்ந்திருந்தனர்! பாதையில் கல் போடலாம், வண்டியை ஓட்டக் கூடாது. இந்தக் குரல் நமக்குப் புதிதன்று. ஏர் பிடிக்கலாம், ஏடு பிடிக்கக் கூடாது என்று கேட்டுப் பழகிய காதுகள் அல்லவா நம் காதுகள்!

போர் முடிந்தது, குழுவும் முடிந்தது. நிதி மறுக்கப்பட்டு 1946இல் அது மறைந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1961 மார்ச்சில், தலைவர் கென்னடி 10925ஆம் எண் ஆணை பிறப்பித்தார். ஒதுக்காதிருந்தால் மட்டும் போதாது. ஒதுக்கப்பட்டோரைச் சேர்க்க ஒப்பந்தக்காரர் தாமே முயலவும் வேண்டும் என்றது அது. தொழில் பழகுநரைத் தேர்ந்தெடுப்பதும் அம்முயற்சியில் அடங்கும் என வெளிப்படையாக எழுதிற்று. 1965 செப்டம்பரில் தலைவர் சான்சனின் 11246ஆம் எண் ஆணை அதனை மேலும் உறுதியாக்கியது. 1967இல் பெண்களுக்கும் அப்பாதுகாப்பு நீண்டது.

தொழில் பழகுநர் என்ற சொல்லை ஆணையிலே ஏன் எழுத வேண்டும்? கட்டுமானத் தொழிலில் பூட்டு அங்கேதான் தொங்கியது. குழாய்ப் பணி, மின்பணி, தகட்டுப் பணி போன்ற நல்ல கூலித் தொழில்களுக்குள் புக ஒரே வழி, தொழிற்சங்கத்தின் பழகுநர் பயிற்சி. பழகுநராக யார் வரலாம்? உறுப்பினரின் மகன் வரலாம், மருமகன் வரலாம், பரிந்துரை பெற்றவன் வரலாம். நியூயார்க்கின் 28ஆம் எண் தகட்டுத் தொழிலாளர் சங்கத்தை 1964இல் ஆராய்ந்த மாநில மனித உரிமை ஆணையம், அச்சங்கம் கறுப்பினத்தாரை விலக்கியே வந்துள்ளது எனக் கண்டது. தந்தை தொழில் மகனுக்கு, அயலானுக்குக் கதவடைப்பு. குலத்தொழில் என்ற சொல் அங்கு இல்லை, பொருள் இருந்தது. உழைப்பாளியின் உரிமைக்காகப் போராடிய சங்கமே மற்றோர் உழைப்பாளியின் உரிமையைப் பறித்தது வேதனையான முரண். அச்சங்கத்தின் மீது நடந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை நீண்டது; நூற்றுக்கு 29 பேர் சிறுபான்மையினராக இருக்க வேண்டும் என்ற இலக்கை 1986இல் அம்மன்றம் ஏற்றது.

ஆகவே "ஒதுக்கமாட்டேன்" என்ற வாக்குறுதி ஒப்பந்தக்காரருக்கு எளிதாயிற்று. "நான் ஒதுக்கவில்லை. சங்கம் அனுப்பும் ஆளை எடுக்கிறேன். சங்கத்தில் கறுப்பினத்தான் இல்லையே, நான் என்ன செய்வேன்?" என்று கை விரித்தார். கை விரிப்பவரிடம் கணக்குக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

கணக்குக் கேட்டது அதே பிலடெல்பியாவில். 1967இல் வந்த முதல் திட்டத்தில், டெண்டர் திறந்து குறைந்த விலைக்காரரை அறிந்த பின்னரே, எத்தனை சிறுபான்மைத் தொழிலாளரை எடுப்பீர் என்று பட்டியல் கேட்டனர். விலை குறிப்பதற்கு முன்பே நிபந்தனை தெரிந்திருக்க வேண்டும் என்று அரசின் தலைமைக் கணக்காயர் மறுத்தார். திட்டம் சரிந்தது. 1969இல் தொழிலாளர் துறையின் துணைச் செயலாளரும் கறுப்பினத்தவருமான ஆர்தர் பிளெச்சர் அதைத் திருத்தி அமைத்தார். இம்முறை நிபந்தனை முன்கூட்டியே அச்சிடப்பட்டது.

திட்டத்தின் அடிப்படையே ஒரு கணக்குத்தான். பிலடெல்பியாப் பகுதிக் கட்டுமானத் தொழிலாளரில் சிறுபான்மையினர் நூற்றுக்கு 30 பேர். மண் சுமக்கவும் கல் தூக்கவும் அவர்கள் வேண்டும். ஆனால் இரும்புச் சட்டப் பணி, குழாய்ப் பணி, நீராவிக் குழாய்ப் பணி, தகட்டுப் பணி, மின்பணி, மின்தூக்கி அமைப்பு ஆகிய ஆறு தொழில்களில் அவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்! சுமக்க முப்பது பேர்; கற்க ஒருவர்.

அரசின் பணத்தால் நடக்கும் 5 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்கு டெண்டர் தருவோர், இத்தொழில்களில் ஆண்டுதோறும் இலக்கு குறிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இரும்புச் சட்டப் பணியில் 1970இல் நூற்றுக்கு 5 முதல் 9 வரை. 1973இல் 22 முதல் 26 வரை. ஓய்வாலும் விலகலாலும் தொழில் வளர்ச்சியாலும் ஆண்டுதோறும் எத்தனை இடம் காலியாகும் என்றும், பயிற்சி பெறக்கூடியோர் எத்தனை பேர் என்றும் கணக்கிட்டே இலக்கு வகுத்தனர். வேலையிலிருக்கும் வெள்ளையர் எவரையும் நீக்க வேண்டிய தேவை எழவில்லை.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? தகுதி போயிற்று, திறமை போயிற்று என்றனர். நமக்கு மனப்பாடமான பாட்டு! பயிற்சிக் கதவைப் பூட்டிவிட்டு, பயிற்சி இல்லாதவனுக்குத் தகுதி இல்லை என்பது, கிணற்றுக் கயிற்றை ஒளித்துவிட்டு, இவனுக்கு நீர் இறைக்கத் தெரியாது என்று ஏளனம் செய்வது போன்றதன்றோ! செலவு கூடும் என்றனர். கிழக்குப் பென்சில்வேனிய ஒப்பந்தக்காரர் சங்கம் தொடுத்த வழக்கில், கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1971இல் திட்டத்தை ஏற்றது. திறமையுள்ள ஒரு பகுதியினரைத் தொழிலுக்கு வெளியே நிறுத்துவதே நாளடைவில் அரசுக்குச் செலவைக் கூட்டும். ஆகவே தன் ஒப்பந்தத்தில் இவ்விதியைச் சேர்க்க அரசுக்கு அக்கறை உண்டு என்னும் கருத்தை அது ஒப்பியது. அத்தீர்ப்பை மறு ஆய்வு செய்ய உச்சநீதிமன்றம் மறுத்தது.

இதனை வெறும் வெற்றிக் காவியமாகப் பாட நாம் முற்படவில்லை. பகுத்தறிவு பாராட்டுரையோடு நின்றுவிடாது. திட்டத்துக்கு ஒப்புதல் தந்த தலைவர் நிக்சன் ஒடுக்கப்பட்டோரின் காவலர் அல்லர். தொழிற்சங்கத்தையும் உரிமை இயக்கத்தையும் மோதவிடும் கணக்கும் அவர் பக்கத்தில் இருந்தது. 1972 தேர்தலின்போது ஒதுக்கீட்டுக்கு எதிராகவே முழங்கினார். விதியிலும் ஓட்டை இருந்தது. இலக்கை எட்டாதவர் "நன்னோக்கத்தோடு முயன்றேன்" என்று காட்டினால் தண்டனை இல்லை. அரசு அதிகாரி வரும் நாளில் ஒரே கறுப்பினத் தொழிலாளியை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கணக்குக் காட்டியவரும் உண்டு. கட்டடம் முடிந்ததும் பழகுநரின் பயிற்சி பாதியில் அறுந்த கொடுமையும் உண்டு. தலைகளை எண்ணினால் ஏமாற்றலாம். உழைத்த மணிகளை எண்ணினால் ஏமாற்றுவது கடினம். இப்பாடத்தைக் கற்ற சான்பிரான்சிஸ்கோ நகரம், 2010இல் இயற்றிய உள்ளூர் வேலைச் சட்டத்தில், பழகுநர் உழைக்கும் மணிகளில் பாதி உள்ளூராருக்கு என மணிக் கணக்கையே விதித்தது. ஸ்காத்லாந்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் சட்டமும், 40 இலட்சம் பவுனுக்குக் குறையாத ஒப்பந்தங்களில் பயிற்சி, வேலைவாய்ப்பு முதலிய சமுதாய நலன்களை நிபந்தனையாக்கலாமா என்று எண்ணிப் பார்ப்பதை அரசு அமைப்புகளின் கடமை ஆக்கிற்று.

விதை பல மண்ணில் முளைக்க, முளைத்த மண்ணிலேயே வேர் வெட்டப்பட்டது. 2025 சனவரி 21ஆம் நாள், தலைவர் டிரம்ப் ஒரு கையெழுத்தால் 11246ஆம் எண் ஆணையை நீக்கினார். அறுபதாண்டு நின்றது ஒரே நாளில் வீழ்ந்தது. எப்படி வீழ்ந்தது? அது சட்டமன்றம் இயற்றிய சட்டம் அன்று, தலைவரின் ஆணை. பேனா எழுதியதைப் பேனா அடித்தது. உடல் ஊனமுற்றோரை வேலையில் சேர்க்க அரசு ஒப்பந்தக்காரர் முயல வேண்டும் என்பதோ 1973இல் சட்டமன்றம் இயற்றிய சட்டம். 2025இன் அந்த ஆணையால் அதனை நீக்க இயலவில்லை. ஆட்சியாளர் கருணையால் வந்தது ஆட்சியாளரோடு போகும். மக்கள் மன்றம் சட்டமாக்கியது எளிதில் போகாது.

இளைஞர்களே, அரசு ஒப்பந்தம் என்பது சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் விலை பேசும் தாள் மட்டும் அன்று. எவன் மகன் எதைக் கற்கலாம் என்று தீர்மானிக்கும் தாளும் அதுவே. பொது நன்மை பற்றி இனிய சொற்கள் அத்தாளில் இருக்கக் கண்டு மகிழ்ந்துவிடாதீர். எத்தனை பேருக்குப் பயிற்சி என்று எண் இருக்கிறதா? தொடங்கிய பயிற்சி முடியும்வரை பொறுப்பேற்பவர் யார்? தவறியவருக்குத் தண்டனை உண்டா? இவை அனைத்துக்கும் பின்னால் சட்டம் நிற்கிறதா? இத்தனையும் கேளுங்கள். ராண்டால்ப் கேட்டார், மக்களைத் திரட்டிக்கொண்டு கேட்டார். அதனால்தான் பதில் வந்தது.