தரவுத்தளம் முந்திப் பேசினால்

ஜிம் ஸ்டார்கி 1980களின் நடுவில் டெக் நிறுவனத்தை விட்டு வெளியேறி உருவாக்கிய தரவுத்தளம் இன்டர்பேஸ். அதில் ஒரு டிரிகருக்குள் ‘போஸ்ட் ஈவன்ட்’ என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். டிரான்சாக்‌ஷன் கமிட் ஆனதும், அந்தப் பெயருக்காகக் காத்திருக்கும் நிரல்களுக்கெல்லாம் சர்வரே தகவல் சொல்லிவிடும். 2000இல் இன்டர்பேஸை வைத்திருந்த போர்லாண்ட் அதன் மூலநிரலைத் திறந்துவிட, அதிலிருந்து ஃபயர்பேர்ட் பிறந்தபோது இந்த வசதியும் உடன் வந்தது. 1986இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் பெர்க்லியில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டத்திலிருந்து இன்றைய போஸ்ட்கிரெஸுக்கு வந்த சொத்துகளில் ‘லிசன்’, ‘நோட்டிஃபை’ என்ற கட்டளைகளும் உண்டு. ஆக, மாற்றத்தை அறிவிக்கும் திறன் சர்வருக்குப் பழையது. திறமூல லைப்ரரிகளுக்குத்தான் அது தயங்கித் தயங்கி, அரைகுறையாக வந்து சேர்ந்தது. எழுதியவர்களின் சோம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஓர் அறிவிப்பை நம்பி எவ்வளவு செய்யலாம் என்ற கேள்வியில்தான் சிக்கல் இருந்தது. ‘ஏதோ மாறியிருக்கிறது, வந்து பார்’ என்பதற்கு மேல் எதற்கும் உறுதி தராத அறிவிப்புகளே லைப்ரரிகளில் நிலைத்தன என்பது என் வாதம்.

லைப்ரரிகளின் அடிப்படை ஒப்பந்தத்தை முதலில் பார்க்க வேண்டும். ஜாவாவுக்கு 1997இல் வந்த ஜேடிபிசி, பைத்தானுக்கு 1999இல் வந்த டிபி-ஏபிஐ 2.0 இரண்டும் ஒரே எண்ணத்தில் எழுதப்பட்டவை: நிரல் கேட்கும், தரவுத்தளம் பதில் சொல்லும். தரவுத்தளம் முந்திக்கொண்டு பேசுவதற்கு இரண்டிலும் இடமே இல்லை. அதனால் அறிவிப்பைச் சேர்க்க விரும்பிய ஒவ்வொரு லைப்ரரியும் தரநிலைக்கு வெளியே தனக்கென ஒரு வாசல் வெட்ட வேண்டியிருந்தது. ஃபயர்பேர்டின் ஜாவா டிரைவரான ஜேபேர்ட் இதற்கென்றே தனியாக ஓர் ஈவன்ட் மேனேஜரை வைத்துக்கொண்டது. பைத்தானின் சைகோபிஜி2 வந்த அறிவிப்புகளை இணைப்பின் மேலேயே ஒரு பட்டியலாகச் சேர்த்துவைத்து, எப்போது எட்டிப் பார்ப்பது என்பதை நிரல் எழுதுபவரிடம் விட்டுவிட்டது. போஸ்ட்கிரெஸின் ஜாவா டிரைவர் கதை இன்னும் வேடிக்கை. சர்வர் தானாக அனுப்பும் அறிவிப்பை அந்த டிரைவரால் தானாகப் பெற முடியாது என்று அதன் ஆவணமே ஒப்புக்கொண்டது. எதற்கும் உதவாத ஒரு வினவலைச் சும்மா அனுப்பிவைத்து, அந்தப் பதிலோடு ஒட்டிக்கொண்டு ஏதாவது அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும்படி அதிலிருந்த மாதிரி நிரல் சொல்லிக்கொடுத்தது. திரும்பத் திரும்பக் கேட்பதைத் தவிர்க்க வந்த வசதியைப் பெறவே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது!

இதைவிடக் கடினமான கேள்வி, யாருடைய இணைப்பில் காத்திருப்பது என்பது. அறிவிப்பு வேண்டுமென்றால் ஓர் இணைப்பை யாரோ திறந்தே வைத்திருக்க வேண்டும். வலைச் செயலிகளோ இணைப்புகளை ஒரு தொகுப்பில் போட்டு, வேலை முடிந்த கையோடு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகின்றன. அப்படித் தொகுப்பை நடத்தும் பிஜிபவுன்சர் டிரான்சாக்‌ஷனுக்கு டிரான்சாக்‌ஷன் இணைப்பை மாற்றித் தரும் முறையில் இயங்கும்போது ‘லிசன்’ வேலை செய்யாது. ஃபயர்பேர்ட் இதை வேறு விதமாகக் கையாண்டது: அறிவிப்புகளுக்கென்று இரண்டாவதாக ஓர் இணைப்பு. அதன் போர்ட் எண்ணைத் தானாகத் தேர்ந்தெடுத்ததால் ஃபயர்வால்கள் அதை மறித்தன. பிறகு அந்த எண்ணை நிலையாக வைக்க ஓர் அமைப்பே தேவைப்பட்டது. இணைப்பு அறுந்த நேரத்தில் வந்த அறிவிப்பு என்னாகும்? போய்விடும், அவ்வளவுதான். கோ மொழிக்கான ‘பிக்யூ’ லைப்ரரி இதை மறைக்கவில்லை. அறுந்த இணைப்பை அது தானே மீட்டுக்கொண்டு, மீண்டதும் வெற்று அறிவிப்பு ஒன்றை நிரலுக்குத் தள்ளுகிறது. இடையில் எதையாவது தவறவிட்டிருக்கலாம், நீயே போய்ப் பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். இந்த வரலாற்றில் என்னை அதிகம் கவர்ந்த வடிவமைப்பு அதுதான்.

2010இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.0 அறிவிப்போடு ஒரு செய்தியையும் சேர்த்தனுப்ப இடம் தந்ததே, அப்படியானால் ‘வந்து பார்’ என்பதைத் தாண்டிவிட்டோமே என்று ஒருவர் மறுக்கலாம். அந்தப் பதிப்பு செய்தது பெரிய திருத்தம்தான். அதுவரை கேட்பவர்களின் பட்டியல் ஓர் அட்டவணையில் இருந்தது. அறிவிப்பு மிகுந்தால் செத்த வரிசைகள் குவிந்து, அவற்றைத் துடைக்க அடிக்கடி வேக்யூம் செய்ய வேண்டியிருந்தது. அந்த அட்டவணையை விட்டு, காத்திருக்கும் அறிவிப்புகளை நினைவகம் சார்ந்த ஒரு காத்திருப்பு வரிசையில் வைத்தார்கள். ஆனால் செய்தியின் நீளம் 8,000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரே டிரான்சாக்‌ஷனில் அதே பெயரும் அதே செய்தியும் இரண்டு முறை போனால் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிக் கணக்குவைக்க நினைப்பவருக்கு இது உதவாது. ஐடியை மட்டும் அனுப்பி, மீதியை வினவலில் எடுத்துக்கொள்பவருக்கு இது தாராளம். கூட வந்த செய்தி எங்கே பார்ப்பது என்பதைச் சுட்டியது; போய்ப் பார்க்கும் வேலையை நீக்கவில்லை. எப்படியும் போய்ப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் சில நொடிக்கு ஒருமுறை நாமே கேட்டுவிட்டுப் போகலாமே என்பது அடுத்த மறுப்பு. சிறிய செயலிக்கு அது சரியான பதில். நூற்றுக்கணக்கான திரைகள் ஒரே அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், அந்த வினவல்களில் பெரும்பாலானவை ஒன்றும் மாறவில்லை என்ற பதிலுக்காகவே ஓடும். அந்த வீண் ஓட்டத்தை அறிவிப்பு குறைக்கிறது. அது தவறிப்போகும் நாளுக்கென்று எப்போதாவது ஒருமுறை கேட்பதையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

வலுவான மறுப்பு பிறகுதான் வந்தது. 2014 இறுதியில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.4, தன் மாற்றப் பதிவேட்டையே வெளியிலிருந்து வரிசைக்கு வரிசை வாசிக்க வழி செய்தது. டெபீசியம் போன்ற திறமூலக் கருவிகள் இதன்மேல் எழுந்தவை. எது மாறியது, அட்டவணையை அதற்கேற்ப அமைத்திருந்தால் எதிலிருந்து எதுவாக மாறியது என்பதெல்லாம் இதில் கிடைக்கும். வாசிப்பவர் எதுவரை வாசித்தார் என்பதை சர்வரே நினைவில் வைத்திருப்பதால் இணைப்பு அறுந்தாலும் எதுவும் தொலைவதில்லை. என் வாதத்தை இது முறிப்பதுபோல் தோன்றினாலும், இதன் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாசிப்பவர் பின்தங்கினால் அவர் இன்னும் வாசிக்காத பதிவையெல்லாம் சர்வர் வட்டில் காத்துவைக்க வேண்டும். யாரோ மறந்துவிட்ட ஒரு வாசகருக்காக வட்டு நிரம்பி, தரவுத்தளமே நின்றுபோகலாம். 2020இல் வந்த 13ஆம் பதிப்பு இதற்கு உச்சவரம்பு வைக்கும் அமைப்பைத் தந்தது. வரம்பைத் தாண்டினால் சர்வர் அந்தப் பதிவுகளை அழித்துவிட்டுத் தன் வேலையைத் தொடரும். வாசிப்பவரின் இடக்குறி செல்லாததாகிவிடும். அவர் அட்டவணை முழுவதையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.